முப்பத்தெட்டுத் தட்டுக்கு ஒரே பெயர்

உடும்பஞ்சோலை ஜங்ஷனில், பேக்கரிக்கும் உரக்கடைக்கும் நடுவில், எட்டடி அகலத்தில் ஒரு கடை. ஆதார் திருத்தம், பான் கார்டு, கரண்ட் பில், ஜெராக்ஸ், லேமினேஷன் என்று வெளியே தொங்கும் பலகையில் வரிசையாக எழுதியிருக்கும். புரோகிராம் எழுதித் தரப்படும் என்று மட்டும் எழுதியிருக்காது. ஆனால் அக்கம்பக்கத்தில் அந்த வேலைக்கு ஆள் தேடி வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் அந்தக் கடை வாசலில்தான் வந்து நிற்கிறார்கள்.

உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஜிஸ்மி. வயது முப்பத்தொன்று. ஏலத்தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அப்பா கபிரியேல் தோட்டத்தில் மோட்டார் ஓட்டினார். அம்மா காய் எடுத்தார். ஜிஸ்மி பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இரண்டரை வருடம் வேலை பார்த்தார். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தவறு கண்டுபிடிப்பது அங்கே அவர் வேலை.

"தப்புக் கண்டுபிடிக்க அங்க சம்பளம் கொடுத்தாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் சும்மா செய்றேன்" என்பார். கணவர் ரிஜின் பக்கத்தில் இருந்தால், "தினமும் ஓவர்டைம் வேற" என்று சேர்த்துக்கொள்வார். ரிஜின் பிக்கப் வண்டிக்காரர். ஏலக்காய் மூட்டைகளைப் போடிமெட்டு வழியாகப் போடிக்கு இறக்குகிறவர்.

கடைக்கு வருகிறவர்கள் பிறந்த தேதியைத் திருத்தத்தான் வருகிறார்கள். சர்வர் கிடைக்கக் காத்திருக்கும் நேரத்தில் தங்கள் கஷ்டத்தையும் சொல்கிறார்கள். ஜிஸ்மிக்கு அது போதும். பேக்கரிக்காரர் ஒரு டிசம்பரில் கேக் ஆர்டர்களை மாற்றிக் கொடுத்து, ஞானஸ்நான வீட்டுக்குத் திருமண வாழ்த்து எழுதிய கேக் போய்விட்டது. மறு வருடம் அதற்கொரு புரோகிராம் வந்தது. கல்லறைத் திருநாளன்று எந்தக் குடும்பத்துக் கல்லறைக்குச் சாமியார் எத்தனை மணிக்கு வருவார் என்று சொல்ல இன்னொன்று. பஞ்சாயத்துக் கால்பந்துப் போட்டிக்கு எழுதியதில், மழை பெய்தால் ஆட்டங்களை மாற்றி அடுக்க ஒரு பொத்தான் உண்டு. அந்தப் போட்டியில் கோல் விழுந்ததைவிட அந்தப் பொத்தானை அமுக்கியதுதான் அதிகம்.

புரோகிராமுக்குள் அவர் வைக்கும் பெயர்கள் எல்லாம் தமிழ் எழுத்தில் இருக்கும். அவர் எழுதும் பைதான் மொழி அதை ஏற்றுக்கொள்ளும். கோயம்புத்தூரில் கூட வேலை பார்த்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். "கம்ப்யூட்டருக்கு எந்த எழுத்தானாலும் ஒண்ணுதான். திரும்பப் படிக்கப்போறது நான்தானே" என்பது ஜிஸ்மியின் பதில். இந்தப் பழக்கத்தால் ஒரு வசதியும் கிடைத்தது. அதே வசதி ஒரு நாள் அவர் காலை வாரியும் விட்டது.

ஜங்ஷனிலிருந்து ஒரு கிலோமீட்டர் கீழே ஏலக்காய் உலர்த்தும் கூடம் ஒன்று இருக்கிறது. ஊரில் அதை ஸ்டோர் என்பார்கள். சிறு விவசாயிகள் இருபத்தாறு பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். பச்சைக் காயைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, சூடான காற்று வரும் அறையில் அடுக்கடுக்காகச் செருகுவார்கள். காய்ந்த பிறகு எல்லாவற்றையும் தேய்க்கும் மெஷினில் கொட்டி, காம்பை நீக்குவார்கள். மெஷினில் கொட்டிய பிறகு எது எந்தத் தட்டில் இருந்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

அங்கே பொறுப்பில் இருப்பவர் ஈஸ்வரன். நாற்பது வயது, நிதானமான ஆள். ஜிஸ்மி ஒரு கோடை விடுமுறையில் அவர் மகள் இந்துவுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து ஈஸ்வரனுக்கு அவர் டீச்சர்.

இந்த ஸ்டோரில் காயை ஆள்வாரியாகப் பிரிப்பதில்லை. வகைவாரியாகப் பிரிக்கிறார்கள். எல்லாருடைய ஞள்ளானி ரகமும் ஒரு குவியல், எல்லாருடைய வழுக்கை ரகமும் ஒரு குவியல். எடுக்கும்போதே கலந்துபோனவை கலப்பு. நான்காவது வகை மருந்தில்லாக்காய். அந்த வகையில் காய் கொண்டுவருவது ஒரே ஒருவர், வேலுத்தாய்.

வேலுத்தாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. ஒன்றரை ஏக்கர் ஏலம். மூன்று வருடமாக ஒரு சொட்டுப் பூச்சிமருந்து அடிக்காமல் வளர்த்தார். முதல் வருடம் பூச்சி அரித்துக் காயில் பாதி சொறி விழுந்தது. "வேலுத்தாய் பூச்சிக்கு அன்னதானம் போடுது" என்று பக்கத்துத் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் காதில் விழும்படிதான் பேசினார்கள். "ஆமா, நீங்க மிச்சம் வச்சதுக பூராவும் இங்கதான் பந்திக்கு வருது" என்று அவரும் காதில் விழும்படியே சொன்னார்.

மூன்றாவது வருடம் கொச்சியிலிருந்து ஒரு வியாபாரி தேடி வந்தார். அவர் நிபந்தனை எளிது. காய்ந்த காயில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். மருந்தின் சுவடே இல்லை என்று வந்தால், இனி வருடாவருடம் வேலுத்தாயின் தோட்டப் பெயரிலேயே தனியாக வாங்குவார். சுவடு இருந்தால் அத்தோடு சரி, இன்னொரு முறை வர மாட்டார். மருந்தடித்த காய் ஒரு தட்டு கலந்தாலும் பரிசோதனையில் தெரிந்துவிடும். மூன்று வருடப் பிடிவாதம் ஒரு சின்ன மாதிரிப் பையில் அடங்கிவிட்டது.

அதனால் வேலுத்தாய்க்கு ஸ்டோர் என்றாலே பயம். "இருபத்தஞ்சு பேர் காய்க்கு நடுவுல என் காயைக் கொண்டுபோய் விடச் சொல்றியா? திருவிழாக் கூட்டத்துல புள்ளையை விட்ட மாதிரிதான்" என்றார். அவரைச் சம்மதிக்க வைத்தது ஜிஸ்மிதான். இரண்டு நாள் நடையாய் நடந்து, "தட்டுக்குத் தட்டு வகையைப் போட்டுச் சீட்டு அடிக்கிறேன் சின்னம்மா. பேரோட உள்ள போறது பேரோடயே வெளிய வரும்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தச் சீட்டு புரோகிராமை ஜிஸ்மி இப்படி அமைத்திருந்தார். முதலில் 'காய்' என்று ஒரு தாய் வகுப்பு. எடை போடுவது, நேரம் கணக்கிடுவது, சேமிப்பது என்று எல்லா வகைக்கும் பொதுவான வேலைகள் அதில். அதன் கீழே ஞள்ளானி, வழுக்கை, கலப்பு, மருந்தில்லாக்காய் என்று நான்கு பிள்ளை வகுப்புகள். தாய்க்குத் தெரிந்த வேலையெல்லாம் பிள்ளைக்கும் தெரியும். பிள்ளைக்கு மட்டும் உரியதைப் பிள்ளை வைத்துக்கொள்ளும். எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்பது அப்படி ஒன்று. ஈஸ்வரன் தன் அனுபவத்தில் சொன்னபடி வழுக்கைக்குப் பதினெட்டு மணி நேரம், ஞள்ளானிக்கு இருபது, கலப்புக்கும் மருந்தில்லாக்காய்க்கும் இருபத்திரண்டு.

தட்டு எடை மேடையில் ஏறியதும் ஈஸ்வரன் வகையைத் தேர்ந்தெடுப்பார். பழைய மைப் பிரிண்டர் ஒரு சின்ன அட்டையில் வகையின் பெயர், எடை, மணி நேரம் மூன்றையும் அடிக்கும். அதைத் துணி கிளிப்பால் தட்டில் மாட்டுவார். பில் அடிக்கும் காகிதம் சூட்டில் கறுத்துவிடும் என்று ஜிஸ்மிதான் அட்டைக்கு மாற்றினார். அதையெல்லாம் யோசித்தவர், தட்டுக்கு ஒரு எண் போட யோசிக்கவில்லை. இதை அவர் தானாகவே சொல்வார், நாம் கேட்க வேண்டியதில்லை.

அந்த வருடம் காயெடுப்பு உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த ஜிஸ்மி அந்தப் புரோகிராமைத் திறந்து பார்த்தார். சீட்டு அடிக்கிற வரி நான்கு பிள்ளை வகுப்புகளிலும் நான்கு முறை எழுதியிருந்தது. ஒரே வேலை நான்கு இடத்தில் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. நான்கையும் அழித்தார். தாய் வகுப்பில் ஒரே முறை எழுதினார். பெயரைத் தனியாகத் தட்டச்சு செய்யவும் வேண்டாம், வகுப்பின் பெயர்தான் தமிழிலேயே இருக்கிறதே. வகுப்பின் பெயரை எடுத்து அப்படியே அடி என்று கட்டளை போட்டார். அந்த வசதி என்று சொன்னது இதைத்தான்.

எந்த வகுப்பின் பெயரை? அங்கே கை தானாக 'காய்' என்று எழுதிவிட்டது. தாய் வகுப்புக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது தாயின் பெயர்தான் கைக்கு வந்தது. ஒரு சீட்டு அடித்துப் பார்த்தார். பெயர், எடை, மணி மூன்றும் இருந்தன. 'காய்' என்று வந்திருந்தது. அது அவர் கண்ணை உறுத்தவில்லை.

ஏன் உறுத்தவில்லை என்பதற்கு அவரே ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். அவர் வளர்ந்த தோட்டத்தில் சாயங்காலம் எடை போடும் இடத்தில், "யார் காய்?" என்று சூப்பர்வைசர் கேட்டால், மூட்டையை இறக்கும் பெண் தன் பெயரைச் சொல்ல மாட்டார். "மூணாம் நம்பர் லயம்" என்பார். மதலேனம்மாள் என்றோ ஜோமோள் என்றோ ஒருவரும் அங்கே சொன்னதில்லை, பொதுப் பெயரே போதுமாக இருந்தது. "கோயம்புத்தூர்ல வளந்த ஆளு இந்தத் தப்பைச் செஞ்சிருக்க மாட்டாங்க" என்கிறார் ஜிஸ்மி. கம்பெனியில் பிறர் செய்த இதே தவறைக் கண்டுபிடித்திருப்பாரா என்று கேட்டால், "அஞ்சு நிமிஷத்துல" என்று சிரிக்கிறார்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் காய் ஏறியது. முப்பத்தெட்டுத் தட்டு. அதில் ஏழு வேலுத்தாயுடையவை. அவரே நின்று பார்த்து, தன் தட்டுகள் ஒவ்வொன்றிலும் சீட்டு மாட்டுகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போனார். அவருக்கு வாசிக்கத் தெரியும், கண்ணாடிதான் வீட்டில். புதன்கிழமை மூன்று மணிக்கு வியாபாரி வருவதாக ஏற்பாடு.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு ஜிஸ்மியின் போன் அடித்தது.

"டீச்சரே, பிரிண்டர் மை தீரப்போகுது. ரிப்பன் இருக்கா?" என்றார் ஈஸ்வரன்.

"இருக்குண்ணே. ரிஜின்கிட்ட கொடுத்தனுப்புறேன்."

"சரி. அப்புறம், சீட்டெல்லாம் புது மாடலா மாத்திட்டீங்க போல. நல்லாத்தான் இருக்கு."

"என்ன மாடல்?"

"எல்லாத்துலயும் 'காய்'னு ஒரே மாதிரி போட்டிருக்கே."

ஜிஸ்மி லேமினேஷன் மெஷினை அணைத்தார். "எல்லாத்துலயுமா?"

"முப்பத்தெட்டுலயும்."

"ஏண்ணே, நேத்தே சொல்லக் கூடாதா?"

"காய்னு போட்டிருந்துச்சு. காய்தானே டீச்சர். நான் என்னத்தைச் சொல்ல?"

அடுத்த கேள்விக்கு அவசியமே இல்லை, பதில் அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டார். "தட்டுகளை வச்ச எடத்துலயே வச்சிருக்கீங்களா?"

"அதெப்படி? மேல இருக்கிறது கீழ, கீழ இருக்கிறது மேல. ராத்திரி மூணு தடவை மாத்தியாச்சு. இல்லாட்டி ஒரே பக்கமாக் காயும்ல."

ஜிஸ்மி கடையின் ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். ஆதாருக்குக் காத்திருந்த இரண்டு பேர் பேக்கரிக்குள் ஒதுங்கினார்கள்.

ஸ்டோரில் ஈஸ்வரனோடு தனபாலும் நின்றார். தனபால், ஸ்டோரை நடத்தும் விவசாயிகள் சங்கத்தின் செக்ரட்டரி. கொச்சியில் ஒரு கம்பெனியிடம் புரோகிராம் வாங்கலாம் என்று முதலிலிருந்தே சொல்லிவந்தவர். அதற்காக ஜிஸ்மியிடம் கோபமெல்லாம் இல்லை. பெரிய இடத்துப் பொருளென்றால் அவருக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

"வேலுத்தாய்க்குத் தெரியுமாம்மா?" என்றார்.

"இனிமேத்தான் சொல்லணும்."

"சொல்லாத. அது சத்தம் போட்டா ஜங்ஷன் வரைக்கும் கேக்கும். ஏதோ ஏழு தட்டை எடுத்துத் தனியா வை. மிச்சத்தை ஆண்டவன் பாத்துக்குவான்."

ஜிஸ்மி அவர் முன்னாலேயே போனை எடுத்து வேலுத்தாயைக் கூப்பிட்டார். "சின்னம்மா, சீட்டுல தப்பு நடந்துபோச்சு. என் தப்புதான். உடனே வாங்க" என்றார். வேலுத்தாய் போனை வைத்துவிட்டார்.

தனபால் வாசல் பக்கம் இருந்த நாற்காலியை உள்பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஜிஸ்மி முதலில் சீட்டுகளைப் பார்த்தார். பெயர் எல்லாவற்றிலும் தவறு. ஆனால் மணி நேரம் எல்லாவற்றிலும் சரி. பதினெட்டு மணி நேரத் தட்டுகளை எட்டு மணிக்கே ஈஸ்வரன் எடுத்து வைத்துவிட்டார். அவையெல்லாம் வழுக்கைதான். இருபது மணி நேரத் தட்டுகள் ஞள்ளானி. அதிலும் சந்தேகமில்லை. மீதம் பதின்மூன்று தட்டுகள், எல்லாம் இருபத்திரண்டு மணி நேரம். ஏழு வேலுத்தாயுடையவை, ஆறு கலப்பு. எது எது என்பதுதான் கேள்வி. மதியம் பன்னிரண்டுக்கு அவை வெளியே வந்தாக வேண்டும்.

"எனக்கொரு சந்தேகம் டீச்சர்" என்றார் ஈஸ்வரன். "பேரைத் தப்பா அடிச்ச மெஷினு மணியை மட்டும் எப்படிச் சரியா அடிச்சுச்சு?"

"மணியைப் பிள்ளைகிட்ட கேட்டு அடிக்கச் சொல்லியிருந்தேன். பேரைக் கேக்கச் சொல்லல. சீட்டு அடிக்கிற வேலையை அம்மா கிளாஸ்கிட்ட கொடுத்தேன்ல, அது பிள்ளை பேரைக் கேக்காம தன் பேரையே அடிச்சுவிட்டுருச்சு."

"எந்த அம்மா அப்படிச் செய்வா?"

"நான் எழுதின அம்மா."

"ஸ்கூல் பாரத்துல பிள்ளை பேர் எழுதுற எடத்துல தன் பேரை எழுதின கதைதான்" என்றார் ஈஸ்வரன். "என் மாமியா அப்படி எழுதி, என் மச்சான் ஒரு வருஷம் ஸ்கூல்ல ராஜேஸ்வரியா இருந்தான்."

ஜிஸ்மிக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டோரின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சீட்டில் அச்சானது வெறும் பெயர். ஆனால் தட்டு ஒவ்வொன்றையும் புரோகிராம் முழுதாகவே சேமித்து வைத்திருந்தது, எந்தப் பிள்ளை வகுப்பிலிருந்து பிறந்ததோ அதன் அடையாளத்தோடு. மருந்தில்லாக்காயாக உள்ளே போன தட்டு உள்ளே இன்னும் மருந்தில்லாக்காய்தான். நேற்று அடித்த சீட்டு அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்போது கேட்க வேண்டும்.

மாற்ற வேண்டியது ஒரே வரி. தாய் வகுப்பில் 'காய் என்ற வகுப்பின் பெயர்' என்று இருந்ததை, 'இப்போது இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் பொருள் எந்த வகுப்போ, அந்த வகுப்பின் பெயர்' என்று மாற்றினார். எழுதுவது தாய் வகுப்பில்தான். ஆனால் பெயரைத் தாய் முன்கூட்டியே முடிவு செய்யாது. ஓடும் நேரத்தில், எதிரே வந்து நிற்பது யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். நாளை ஐந்தாவதாக ஒரு வகை பிறந்தாலும் தாய் வகுப்பில் எதையும் தொட வேண்டாம். இதை எழுத ஒரு நிமிடம் ஆகவில்லை.

பட்டியலை அடித்தார். பிரிண்டர் மங்கலான மையில் கரகரவென்று இழுத்தது. வகை, எடை, மணி. ஞள்ளானி, ஞள்ளானி, கலப்பு, வழுக்கை. பிறகு, மருந்தில்லாக்காய். ஏழு முறை வந்தது. அவர் இரண்டு தடவை எண்ணினார்.

வாசலில் வேலுத்தாய் நின்றார். காட்டுவேலைக்குச் சேலைமேல் போட்ட சட்டை, தலையில் துண்டு, காலில் சேறு. தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறார்.

"எங்கத்தா என் காயி?"

"இருக்கு சின்னம்மா. பதிமூணு தட்டுக்குள்ள இருக்கு. எடையை வச்சுப் பிரிக்கப் போறோம்."

"பேரோட வரும்னு சொன்ன."

"சொன்னேன்."

"இப்ப எடையோட வருதாக்கும்."

தனபால் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை. வேலுத்தாய் கால் கழுவிவிட்டு உள்ளே வந்து, அறைக் கதவை ஒட்டி நின்றுகொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் சத்தமே போட்டிருக்கலாம் என்று தோன்றியதாக ஈஸ்வரன் பிற்பாடு சொன்னார்.

பன்னிரண்டு மணிக்குப் பதின்மூன்று தட்டுகளும் வெளியே வந்தன. சீட்டில் இருக்கும் பச்சை எடையை ஈஸ்வரன் படிக்க, ஜிஸ்மி பட்டியலில் தேடினார்.

"எட்டு கிலோ நூறு."

"மருந்தில்லாக்காய். இங்கிட்டு வைங்க."

"ஒம்பது."

"கலப்பு."

"ஏழு தொள்ளாயிரம்."

"சின்னம்மாது."

இப்படியே போனது. ஒவ்வொரு தட்டையும் வேலுத்தாய் தானே வாங்கி வைத்தார். ஆறு தட்டு அவர் பக்கம் சேர்ந்தது. ஐந்து கலப்பின் பக்கம். இரண்டு தட்டு மேசையில் மிஞ்சின. இரண்டிலும் சீட்டு ஒன்றுபோல இருந்தது. எட்டு கிலோ முந்நூறு கிராம், இருபத்திரண்டு மணி நேரம்.

ஜிஸ்மி பட்டியலைப் பார்த்தார். எட்டு முந்நூறில் மருந்தில்லாக்காய் ஒன்று, கலப்பு ஒன்று. மேலும் கீழும் தேடிப் பார்த்தார். வேறு வித்தியாசம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"ரெண்டுல ஒண்ணு உங்களுது சின்னம்மா. எதுன்னு சொல்ல என்னால முடியல. தட்டுக்கு நம்பர் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நான் போடல."

ஈஸ்வரன் இரண்டு தட்டிலிருந்தும் காயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார், குலுக்கினார். சொறி விழுந்த காய் இரண்டிலும் இருந்தது. "இதுவா இருக்கலாம்" என்றார். சற்று நேரம் கழித்து, "அதுவாவும் இருக்கலாம்" என்றார்.

"பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்குல்ல" என்றார் தனபால். "கண்ணை மூடிட்டு ஒண்ணைத் தொடு வேலுத்தாயி. ஒரு தட்டுன்னா சும்மாவா? ஒன்றரை கிலோ உலர்ந்த காய்."

வேலுத்தாய் இரண்டு தட்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தட்டைத் தூக்கினார். தன் பக்கம் போகப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் நடந்துபோய்க் கலப்புக் குவியலில் அதைக் கவிழ்த்தார். திரும்பி வந்து இரண்டாவது தட்டையும் எடுத்துக்கொண்டு போய் அதே குவியலில் கொட்டினார்.

"சின்னம்மா, ஒண்ணு உங்களுதுதான்" என்றார் ஜிஸ்மி.

"ஒண்ணு என்னுதில்லையேத்தா."

பிறகு தேய்க்கும் மெஷினைக் கழுவித் துடைக்கச் சொன்னார். ஈஸ்வரன் துடைத்தது போதாது என்று முந்தானையால் தானே இன்னொரு தடவை துடைத்தார். ஆறு தட்டுக் காயைத் தனியாகத் தேய்த்து, புதுச் சாக்கில் கட்டினார்கள். ஜிஸ்மி புதிய சீட்டு ஒன்று அடித்துச் சாக்கின் வாயில் தைத்தார். மருந்தில்லாக்காய் என்று அதில் இருந்தது. வேலுத்தாய் அதைக் கண்ணாடி இல்லாமல், கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார்.

மூன்று மணிக்கு வந்த வியாபாரி, "ஏழு தட்டுன்னு போன்ல சொன்னீங்களே?" என்று கேட்டார். தனபால் வாயைத் திறப்பதற்குள் ஜிஸ்மி நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை அழித்த நான்கு வரி உட்பட. கொச்சிக்காரருக்கு வகுப்பும் வரியும் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. இரண்டு தட்டைக் கொட்டிய இடத்தில் மட்டும் நிறுத்தி, "ரெண்டையுமா?" என்று கேட்டுக்கொண்டார். மாதிரி எடுத்து, பையில் முத்திரை வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை ஜிஸ்மி பெயின்ட் டப்பாவோடு ஸ்டோருக்கு வந்து, எல்லாத் தட்டுகளின் விளிம்பிலும் எண் எழுதினார். ரிஜின் தட்டைப் பிடித்துக்கொண்டார். "ஓவர்டைம்" என்று முணுமுணுத்தார். தனபால் வந்து பார்த்துவிட்டு, கொச்சிக் கம்பெனிக்காரன் தட்டுக்குப் பெயின்ட் அடிக்க வருவானா என்று ஈஸ்வரனிடம் விசாரித்தார். வர மாட்டான் என்று ஈஸ்வரன் உறுதியாகச் சொன்னார்.

பரிசோதனை முடிவு வரப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் ஜிஸ்மி தூங்கியதாகத் தெரியவில்லை. ஆறு தட்டிலும் ஒரு தவறும் இல்லை என்று பட்டியலை எத்தனை முறை சரிபார்த்தாலும், "நான் அடிச்ச பட்டியல்தானே" என்று மறுபடி எடுத்துப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டாம் நாள் காலை கடைக்கு மின்னஞ்சல் வந்தது, வேலுத்தாயின் பெயருக்கு. மருந்தின் சுவடு இல்லை.

ஜிஸ்மி அதை அச்செடுத்து, லேமினேட்டும் செய்து, ஸ்கூட்டரில் வேலுத்தாயின் தோட்டத்துக்குப் போனார். வேலுத்தாய் செடியடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தார். ஜிஸ்மி மேட்டில் நின்றே, "சின்னம்மா, ஒண்ணுமே இல்லைன்னு வந்திருச்சு" என்றார்.

வேலுத்தாய் நிமிரவில்லை. "ஆறும் என்னுதுதானே. பின்ன என்ன வரும்?" என்றார்.

கையிலிருந்த காயைப் பையில் போட்டுவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார். "சும்மா நிக்காம இங்கிட்டு எறங்கி வா. ரெண்டு கை எடுத்துட்டுப் போ" என்றார். ஜிஸ்மி லேமினேட் செய்த தாளை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு இறங்கினார்.